புகைக்கூண்டு கண்ட மேதை

எட்டாம் வகுப்புப் படித்த அந்த ஒரு வருஷம் நான் மேதையாக இருந்தேன். அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. என் மனைவியிடம் இதைச் சொன்னால், "அந்த வருஷம் நான் உங்களைப் பார்க்காமப் போயிட்டேனே" என்கிறாள்.

அப்போது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். ஆவடிப் பக்கம் வயலும் பனங்காடுமாகக் கிடந்த நிலத்தையெல்லாம் பட்டாளத்துக்கு என்று அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பாரிவாக்கம். ஊரில் எட்டாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. எட்டாவது முடித்தவன் நிலம் இருந்தால் தன் ஏரைப் பிடிப்பான், இல்லாவிட்டால் அடுத்தவன் ஏரைப் பிடிப்பான். சண்டை வந்த பிறகு, ஆவடியில் போய் மண் சுமக்கலாம் என்று இன்னொரு வழியும் திறந்திருந்தது. 'வருங்காலத்தில் என்ன ஆகப்போகிறாய்' என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "சாப்பிடப் போகிறேன்" என்று சொல்லியிருப்போம்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவன் அப்பாவும் அம்மாவும் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள். விடிந்ததும் எங்கள் மாடுகளை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போய் மேயவிட்டு, திரும்பக் கொண்டுவந்து கட்டிவிட்டுத்தான் அவன் பள்ளிக்கு வருவான். சாயங்காலம் மறுபடி ஓட்டிப்போவான். எங்கள் வாசலில் நிற்கும்போது என்னைச் சின்ன எஜமான் என்கிற மாதிரி 'சின்னாண்டே' என்பான், ஏரிக்கரையில் 'டேய்' என்பான். இரண்டுமே அவன் வாயில் இயல்பாக வரும். வகுப்பில் அவனுக்குக் கடைசிப் பலகைதான் என்று ஊர் விதித்திருந்தது. எனக்கு யாரும் விதிக்கவில்லை; நானாகவே கேட்டு அந்தப் பலகைக்குப் போனேன். சமத்துவம் கிமத்துவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு அவனுக்கு வரும், எனக்கு வராது, அவ்வளவுதான். அவன் சிலேட்டைப் பார்த்து எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார வேண்டும் அல்லவா?

அந்த வருஷம் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். பட்டணத்தில் பயிற்சி முடித்த கையோடு வந்தவர். கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் வர்ணம் அடித்த மரக்கட்டைகளும் ஒரு கட்டுப் படங்களும் இருந்தன. பிள்ளைகளின் அறிவை அளக்கிற பரீட்சை அது, சீமையில் கண்டுபிடித்தது என்றார். நெல்லை மரக்காலால் அளப்பது போல மூளையை இதனால் அளந்துவிடலாமாம். அளந்து, எவன் மேதை என்று தெரிந்துகொண்டு, அவனுக்கு ஏற்ற தொழிலைச் சின்ன வயதிலேயே காட்டிவிட்டால் தேசம் உருப்படும் என்பது அவர் கட்சி. நல்ல மனிதர். கோபம் வராது, பிரம்பு எடுக்க மாட்டார். அவரிடம் இருந்த ஒரே குறை, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுதான்.

இதில் விளையாட்டு இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பூந்தமல்லியில் ஒரு தனவந்தர், எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மேதாவிப் பிள்ளையை அனுப்பினால் ஹைஸ்கூலில் கட்ட வேண்டிய சம்பளம், புத்தகம், மத்தியானச் சோறு எல்லாம் தன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். இடம் ஒன்றே ஒன்று. வாத்தியார் பொறுக்கி வைப்பார். வருஷக் கடைசியில் கல்வி அதிகாரி வந்து பார்த்துச் சரி சொல்வார். அது கிடைத்தால் கூட்டாளி ஹைஸ்கூல் போவான், இல்லாவிட்டால் ஆவடியில் மண் சுமப்பான். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த இடம் அவனுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிலேட்டில் வருவது யார் விடை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். என் முறை வந்தது. ஒரு படத்தைக் காட்டி, "இதில் என்ன குறைகிறது, சொல்லு" என்றார். சரிவான கூரை போட்ட வீடு. கதவு, ஜன்னல், வேலி எல்லாம் இருந்தன.

இங்கே என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூந்தமல்லியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் அவர் சமையல் எடுபிடி. துரைசானி சாப்பிட்டு மீந்த கேக்குக்காக நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே போய் நிற்பேன். அந்தப் பங்களாக் கூரையில் அடுப்புப் புகை போகச் செங்கல்லால் ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். ஒருநாள் அதற்குள் காக்கை விழுந்து, மாமா அரை நாள் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். அப்புறம் கரிபிடித்த காக்கையும் கரிபிடித்த மாமாவும் வெளியே வந்தார்கள். அதை எப்படி மறக்க முடியும்?

"புகைக்கூண்டு இல்லை சார்" என்றேன்.

வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுத்த படம் தேநீர் ஊற்றுகிற கெட்டில். அதற்கு மூக்கு இல்லை என்றேன். அதற்கடுத்தது துரைமார் பந்தடிக்கிற மட்டை. நடுவில் வலை இல்லை என்றேன். எல்லாம் மாமா தினமும் துடைத்து வைக்கிற சாமான்கள். மரக்கட்டைகளை ஒரு மாதிரிப்படி அடுக்கச் சொன்னபோது என்ன செய்தேனோ, அதுவும் சரியாக வந்து தொலைத்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். என் விஷயத்தில் ஒரு குலையே விழுந்தது.

சாயங்காலம் ஏரிக்கரையில் கூட்டாளியைக் கேட்டேன். "ஊட்டுப் படத்துல இன்னாடா இல்லேன்னு சொன்னே?"

"ஒண்ணுமே கொறயலியேடா. கதவு கீது, ஜன்னலு கீது, மேல ஓடு கீது, சுத்தி வேலிகூட கீது. அந்த மாரி ஊட்ல போயி இன்னா இல்லேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? எல்லாமே கீது சார்னு சொல்ட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. புகைக்கூண்டு என்றால் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடுப்பு ஊட்டுக்குள்ளயா கீது?" என்றான். அவன் வீட்டில் அடுப்பு வெளியே வேப்பமரத்தடியில்.

முடிவு வந்தது. முப்பது பிள்ளைகளில் முதலிடம் எனக்கு. வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்து, "உங்கள் மகன் மேதை" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த மகன்?" என்று கேட்டார். அவருக்கு நான் ஒரே மகன். அம்மா மட்டும் உடனே நம்பிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு ராத்திரியில் ஒரு டம்ளர் பால் தனியாக வந்தது. பாலுக்காக மேதையாக இருப்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

வாத்தியார் என்னைச் சனிக்கிழமைதோறும் தொழில் காட்ட அழைத்துக்கொண்டு கிளம்பினார். மேதையைத் தொழிலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினால் போதும், எது அவனுக்கு ஏற்றதோ அது அவனைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவருடைய சித்தாந்தம். முதலில் பூந்தமல்லி ஆஸ்பத்திரி. அங்கே ஒருவருக்கு முதுகில் கட்டியைக் கீறிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். கம்பவுண்டர் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். "மெல்லிய உணர்ச்சி, மேதைகளுக்கு இப்படித்தான்" என்றார் வாத்தியார். "வெறும் வயிறு, பித்தம்" என்றார் கம்பவுண்டர்.

அடுத்து ஆவடி ரயில் நிலையம். ஸ்டேஷன் மாஸ்டர் என்னைச் சோதிக்க ஆசைப்பட்டு, இரண்டு வண்டி, இரண்டு வேகம், எங்கே சந்திக்கும் என்று ஒரு கணக்குப் போட்டார். நான் வழக்கம்போலப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய்தான் இருந்தது. "இவன் அறிவு ஆழத்தில் இருக்கிறது, சட்டென்று மேலே வராது" என்று வாத்தியார் சமாளித்தார். ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு கமலா ஆரஞ்சு கொடுத்தார்.

மூன்றாவதாக, நிலம் அளக்கிற இடம். சர்வேயர் சங்கிலியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து நேராக நடக்கச் சொன்னார். நான் நடந்த அழகில் சங்கிலி என் காலையே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அவிழ்த்துவிட இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்பி வந்ததும் கூட்டாளி ஏரிக்கரையில் காத்திருப்பான். பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்வான். நான் ஆஸ்பத்திரியில் விழுந்ததற்குச் சிரிக்கக்கூட இல்லை, "அந்தக் கட்டிய எதுக்கு முதுகுல குறுக்கால கீறாம நெடுக்கால கீறினாங்க?" என்றுதான் கேட்டான். சங்கிலிக் கதையைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தான்.

"சங்கிலி நேராத்தான் போவுது. ஏரிக்கர வளைஞ்சி வளைஞ்சி கீதே, அத்த எப்டிடா அளப்பாங்க?"

"எப்டியோ அளப்பாங்க, உனுக்கு இன்னா?"

"கேட்டுகினு வாடா."

அடுத்த வாரம் மறுபடி அதே இடத்துக்குப் போனோம். எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லாததால் இதைக் கேட்டேன். சர்வேயர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இந்த வயசில் இப்படி ஒரு கேள்வியா" என்று வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வழியெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். நான் எஞ்சினியர் ஆகப்போகிறேன் என்று பாரிவாக்கம் ஏரி மதகுக்குப் பக்கத்தில் வைத்து அன்றே தீர்மானமாயிற்று.

அன்றுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. ஹைஸ்கூலில் அவன் இருக்க மாட்டான். நான் மட்டும் போய், யார் சிலேட்டைப் பார்ப்பது? அவன் மண் சுமக்கப் போகிறானே என்று முதலில் நினைக்கவில்லை. அது இரண்டாவதாகத்தான் தோன்றியது. ஆனால் தோன்றிய பிறகு போகவில்லை. அன்று ராத்திரிப் பாலைக்கூடப் பாதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் வாத்தியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா, பங்களா, காக்கை, கேக், எதையும் விடவில்லை. "புகைக்கூண்டை நான் கண்டுபிடிக்கலை சார், பார்த்திருக்கேன்."

"பார்த்தவர்கள் ஆயிரம் பேர். கவனித்தவன் நீ ஒருவன்" என்றார்.

"ஏரிக்கரைக் கேள்வி அவன் கேட்டது சார். கணக்கெல்லாம் அவன் போடறதுதான். நான் பார்த்து எழுதறேன்."

என்னை உட்காரவைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். "கூட்டாளிக்காகத் தன்னைத் தாழ்த்திச் சொல்கிறாய். மேதைக்கு இந்தப் பெருந்தன்மையும் இருக்கும் என்று நாங்கள் படித்திருக்கிறோம், இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் நல்ல பையன்தான். ஆனால் அந்தப் படத்தில் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லையே. நான் என்ன செய்ய?" என்றார்.

உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. நிஜத்தைச் சொல்லி மேதைப் பட்டத்தைக் கழற்றப் போனவன், அதற்குமேல் தியாகிப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மிச்சமிருந்த ஒரே வழி, அதிகாரி வரும் நாள். வாத்தியார் பதிலைச் சொல்லிக் கொடுத்திருந்தார். "என்ன ஆகப்போகிறாய்?" என்று கேட்டால், "எஞ்சினியராகி அணை கட்டித் தேசத்துக்கு உழைப்பேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். வாரம் பூராவும் சொல்லிப் பார்க்க வைத்தார். நான் மனசுக்குள் வேறு ஒன்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி கேட்கும்போது உலகத்திலேயே மட்டமான பதிலைச் சொல்வது, அவர் முகத்தைச் சுளித்து வேறு பிள்ளையைப் பார்ப்பது, பார்க்கிற பார்வை கடைசிப் பலகையில் போய் விழுவது. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே சதித்திட்டம் இதுதான்.

அதிகாரி வந்தார். கோட்டும் தலைப்பாகையும் போட்ட நம்மூர்க்காரர். தலைமையாசிரியர் மாலை போட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். என்னை முன்னால் நிறுத்தி, வாத்தியார் புகைக்கூண்டிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் எடுத்துச் சொன்னார். அதிகாரி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, படித்துப் பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய்?" என்றார்.

"மாடு மேய்க்கப் போறேன் சார்."

வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. தலைமையாசிரியர் கையில் இருந்த இளநீர் கொஞ்சம் சிந்தியது. எனக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒழிந்தது மேதை.

அதிகாரி எழுந்து நின்றார். என் பக்கத்தில் வந்து தலையில் கை வைத்தார். "கேட்டீர்களா? இந்தக் காலத்தில் நாலு எழுத்துப் படித்தவன் எல்லாம் பட்டணத்துக்கு ஓடி மேஜைக்குப் பின்னால் உட்காரப் பார்க்கிறான். இத்தனை புத்தி இருந்தும் தன் மண்ணையும் மாட்டையும் விடமாட்டேன் என்கிறான் இந்தப் பையன். கிராமப் புனருத்தாரணம், கிராமங்களைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று நாங்கள் மேடையில் பேசுகிறோமே, இதுதான் அது." சொல்லிவிட்டுக் கை தட்டினார். அவர் தட்டியதும் தலைமையாசிரியர் தட்டினார், வாத்தியார் தட்டினார், பிள்ளைகள் எல்லாரும் தட்டினார்கள். இடம் அங்கேயே எனக்கு உறுதியாகிவிட்டது. தோற்பதற்குக்கூட ஒரு திறமை வேண்டும், அதுவும் எனக்கு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதிகாரிக்கு மனசு நிறைந்துவிட்டது போலிருக்கிறது. மற்ற பிள்ளைகளையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒருவன் போலீஸ் என்றான், ஒருவன் பட்டாளம் என்றான், ஒருவன் பயத்தில் தன் பேரைச் சொன்னான். கடைசிப் பலகைக்கு வந்தார். "நீ என்ன ஆகப்போகிறாய்?"

கூட்டாளி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"உங்கள மாரி அதிகாரி ஆவப்போறேன் சார். ஊர் ஊராப் போயி பசங்கள நல்லா விசாரிச்சி, படிக்கிறவன ஹைஸ்கூலுக்கு அனுப்புவேன்."

அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பேரப்பிள்ளை மழலை பேசினால் சிரிப்பார்களே, அந்த மாதிரி. அவர் சிரித்ததும் தலைமையாசிரியர் சிரித்தார், பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். "ஆசைக்கும் ஒரு அளவு வேண்டும் தம்பி" என்று அவன் கன்னத்தைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டு அதிகாரி வெளியே போனார். நான் சிரிக்கவில்லை. அதற்காக என்னைப் பாராட்ட வேண்டாம். எனக்குத் தட்டிய கைதட்டல் காதிலிருந்து இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எங்கள் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. "உனுக்காகத்தாண்டா அப்டிச் சொன்னேன். மாடு மேய்க்கிறேன்னா என்னை வேணான்னுடுவாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றான். மாடுகளைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு மட்டும் எனுக்குப் புரியலடா" என்றான்.

"இன்னா?"

"மாடு மேய்க்கப்போறேன்னு நீ சொன்னதுக்கே எல்லாரும் கை தட்னாங்க. நான் தெனம் மேய்ச்சிகினுதானே கீறேன்? அதுக்கு ஏன் ஒருத்தருமே தட்டல?"

அதில் கேலி இல்லை. கணக்கில் விடை ஒத்து வராவிட்டால் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பானே, அதே குரலில்தான் கேட்டான். நான் மேதை. விடைக்கு வழக்கம்போல அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் கோலை எடுத்துக்கொண்டு மாடுகளைத் திருப்பப் போனான்.